உஷார்! பெட்டிக்குள்ளேயே உரிகிறது சூப்பர் ஹீரோவின் தோல்

சீல் பிரிக்காத ஹாட் டாய்ஸ் பெட்டி ஏதாவது உங்கள் பரணிலோ பீரோ மேலோ இருக்கிறதா? உள்ளே பேட்மேனோ, நிக் ஃப்யூரியோ, பிளாக் விடோவோ, யார் இருந்தாலும் சரி, இந்த வாரமே இறக்கிப் பிரித்துப் பாருங்கள். “பிரிக்காமல் வைத்தால்தான் பத்திரம், விலையும் ஏறும்” என்று சொல்லிச் சொல்லியே நம்மில் பலரை நம்பவைத்துவிட்டார்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று உப்புக்காற்று வீசும் ஊர்களில் இருப்பவர்களுக்கு அந்த நம்பிக்கையால் வரும் நஷ்டம் பெரிது. பிரித்தால்தான் கெடும் என்பதெல்லாம் இல்லை. தொழிற்சாலையில் தைத்து மாட்டிய அன்றைக்கே அந்த உடையின் ஆயுள் தேய ஆரம்பித்துவிடுகிறது.

வீட்டில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு விளக்கம். நாம் பேசுவது திருவிழாக் கடையில் வாங்கும் பொம்மையைப் பற்றி இல்லை. ஹாங்காங்கில் 2000-இல் தொடங்கிய ஹாட் டாய்ஸ் நிறுவனம் செய்யும் ஃபிகர்கள் ஆளின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 30 செ.மீ. இருக்கும். முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் மூட்டு மடங்கும். முகத்தில் ரோமக்கால், தழும்பு, ஒருநாள் தாடி வரை கையால் வண்ணம் தீட்டியிருப்பார்கள். இதில் பாதி உயரத்தில், 15 செ.மீ. அளவில், பண்டாய் நிறுவனம் 2008 முதல் விற்கும் ஃபிகுவார்ட்ஸ், மெடிகாம் டாயின் மஃபெக்ஸ், துணி உடையோடு வரும் மெஸ்கோவின் ஒன்-ட்வெல்வ் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. பெரியது ஒன்று இன்றைக்கு 250 முதல் 300 டாலர். உலோகம் கலந்த அயர்ன்மேன் என்றால் 400 டாலரைத் தாண்டும். மாதச் சம்பளக்காரர் ஒருவர் வருஷத்துக்கு ஒன்று வாங்கினாலே குடும்ப பட்ஜெட்டில் அது தெரியும். இவ்வளவு காசு போட்டு வாங்கும் பொருளின் குறைகளை விற்பவர் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தச் சிற்பிகளின் கைவேலை எனக்கு உயிர். அது உரிந்து கொட்டுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

முதல் எதிரி ரெக்ஸின். ஃபிகருக்கு மாட்டியிருக்கும் கோட், ஜாக்கெட், இடுப்புப் பட்டை, பூட்ஸ் எல்லாம் பார்க்கத் தோல் மாதிரி இருக்கும். பெரும்பாலும் அது துணியின் மேல் மெல்லிசாகப் பாலியூரிதேன் பூசிய ரெக்ஸின்தான். இந்தப் பாலியூரிதேனில், குறிப்பாகப் பாலியெஸ்டர் வகையில், மூலக்கூறுகளைக் கோத்திருக்கும் கண்ணியைக் காற்றிலுள்ள ஈரம் அறுத்துவிடும். அறுபடும்போது அமிலம் உண்டாகும். அந்த அமிலம் அடுத்த கண்ணி அறுபடுவதை இன்னும் வேகமாக்கும். கல்யாணத்துக்கு வாங்கி எடுத்துவைத்த ஷூவை நாலைந்து வருஷம் கழித்துப் போட்டதும் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்ததைப் பார்த்திருப்பீர்களே, அந்த வேதியியல்தான் இங்கேயும். போடாமல் வைத்ததால் ஷூ தப்பவில்லை. பிரிக்காமல் வைப்பதால் கோட்டும் தப்பாது.

வேளச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில் இதை நேரிலேயே பார்த்தேன். மகனுக்கு என்று ஆசையாக எடுத்துவைத்த பெட்டி. மேலே பிளாஸ்டிக் உறை, நாலு மூலையிலும் டேப், உள்ளே தூசி துளியும் இல்லை. மூடியைத் திறந்ததும் லேசான புளித்த வாடை வந்தது. கறுப்புக் கோட் போட்ட ஃபிகர் தன் பள்ளத்தில் அசங்காமல் படுத்திருந்தது. முன்பக்கம் குறை சொல்ல முடியாது. நண்பர் அதை இரண்டு கையாலும் தூக்கியபோது அந்தப் பள்ளத்தில் கறுப்புத் தவிடு மாதிரி கொட்டிக் கிடந்தது. முழங்கை மடிப்பிலும் காலர் மடங்கும் இடத்திலும் மேல்பூச்சு போய் உள்ளிருந்த வெள்ளைத் துணி பல்லிளித்தது. அவர் விரல் பட்ட இடமெல்லாம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் மகன், “அப்பா, தொடாதீங்கப்பா, அப்படியே வெச்சிடுங்க” என்றான். அப்படியே வைத்தாலும் நிற்கப்போவதில்லை என்று அந்தப் பையனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தயாரிப்பில் ஏதோ ஒரு தவறு, ஒரு பேட்ச் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஆறுதல் அடைய வேண்டாம். உலகின் மிகச் சிறந்த பாதுகாவலர்கள் கையில் இருக்கும் பொருளுக்கே இந்தக் கதிதான். நிலவில் கால் வைத்த அப்பல்லோ வீரர்களின் உடைகள் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த உடைகளுக்குள் இருக்கும் ரப்பர் அடுக்கு காலப்போக்கில் இறுகி விரிசல் விட்டது. பிவிசி குழாய்களிலிருந்து, அவை வளைவதற்காகச் சேர்த்த ‘இளக்கி’ என்ற எண்ணெய் கசிந்து துணியில் பழுப்புக் கறை படிந்தது. நீல் ஆம்ஸ்ட்ராங்கின் உடையைக் காப்பாற்ற 2015-இல் அவர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். 7 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. குளிரூட்டிய, ஈரப்பதம் குறைத்த அறையில் வைத்துத்தான் இத்தகைய உடைகளின் சிதைவைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடத்தான் முடிகிறது, நிறுத்த முடிவதில்லை. நம் வீட்டுப் பரணோ மே மாதத்தில் கொதிக்கும். ஐப்பசி அடைமழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறும்.

ரப்பருக்கும் இதே விதி. பேட்மேனின் தசை உடை, மூட்டு தெரியாமல் வார்த்த கைகள், இவையெல்லாம் முதல் நாள் அச்சு அசல் மனித உடல் போலவே இருக்கும். முழங்கையை மடக்கியபடி மாசக்கணக்கில் நிறுத்தினால் மடிப்பில் முதலில் நூல் மாதிரி ஒரு கோடு, பிறகு பிளவு. ஒரு போஸில் நீண்ட காலம் வைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை பல ஃபிகர்களுடன் வரும் காகிதத்திலேயே இருக்கும்; பொடி எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. விரிசல் கண்டதும் சிலர் தேங்காய் எண்ணெயையோ வாசலினையோ எடுத்துத் தடவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எண்ணெய்ப் பசை ரப்பரை உப்பவைத்து இன்னும் சீக்கிரம் கெடுக்கும். ரெக்ஸினுக்கு ஷூ கிரீம் போடுவதாலும் பயனில்லை. அறுந்த கண்ணியை எந்தக் கிரீமும் கோக்காது. பரணில் பூச்சி வராமல் இருக்க அந்துருண்டை போடும் வழக்கமும் இங்கே ஆகாது. அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

பிவிசி பாகங்களைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? அதுதான் மேலே சொன்ன இளக்கி, ஸ்மித்சோனியனில் கசிந்த அதே சரக்கு. பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்த்த எண்ணெய் வெளியே வருகிறது. தூசியெல்லாம் அதில் வந்து படியும். இதைத் துடைக்க சானிடைசரை எடுத்துவிடாதீர்கள். ஆல்கஹால் பட்டால் முகத்து வண்ணம் போய்விடும். மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும். வண்ணம் தீட்டிய இடத்தில் அழுத்தாதீர்கள்.

ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான் நம்மால் ஆகக்கூடிய பெரிய வேலை. ஈரப்பதம் காட்டும் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஃபிகர் இருக்கும் அலமாரியில் ஒன்று வையுங்கள். 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. கடற்கரை ஊரில் சும்மா விட்டால் 70, 80 என்று காட்டும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்கி, நிறம் மாறியதும் சூடுகாட்டித் திரும்பப் போடுங்கள். வெயில் நேராக விழும் சுவரில் அலமாரி வேண்டாம். வெள்ளைப் பாகம் மஞ்சளாகும். அடர்நிற உடையை வெளிர்நிறப் பிளாஸ்டிக் உடம்பின் மேல் வருஷக்கணக்கில் விட்டால் சாயம் இறங்கும். இவ்வளவும் செய்தாலும் ரெக்ஸினுக்கு ஆயுள் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆகவே வாங்கும் முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி “உடையில் ரெக்ஸின் எவ்வளவு?” என்பதுதான். துணியும் கெட்டிப் பிளாஸ்டிக்கும் அதிகமுள்ள ஃபிகராகப் பார்த்து வாங்குங்கள். நீளக் கோட்டும் உடம்பை இறுக்கிப் பிடித்த கறுப்பு உடையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து மிஞ்சப்போவது கவசம் போட்டவர்கள்தான்.

கவசக்காரர்களிடமும் வேறு வம்பு இருக்கிறது. டை-காஸ்ட் என்று சொல்லி விற்கும் அயர்ன்மேனில் துத்தநாகக் கலவை உலோகம் கலந்திருக்கிறது. கையில் எடுத்தால் கனமாக, ஜில்லென்று இருக்கும். அதில் மயங்காதவர் இல்லை. அந்தக் கனம் முழுவதையும் தாங்குவது கணுக்கால் மூட்டு. அலமாரியில் சும்மா நின்றாலே மாசம் போகப் போக மூட்டு தளரும், ஒருநாள் மெல்லச் சாயும். கண்ணாடித் தட்டில் பக்கத்தில் நிற்பவரையும் இழுத்துக்கொண்டு விழும். கூடவே வரும் ஸ்டாண்டை அழகைக் கெடுக்கிறது என்று பெட்டியிலேயே போட்டுவைப்பவர்கள் இன்றைக்கே எடுத்து மாட்டுங்கள்.

சின்ன ஃபிகர்களில் ஆபத்து வேறு மாதிரி. 15 செ.மீ. உடம்புக்குள் தோள் முன்னால் வர ஒரு மூட்டு, இடுப்பு இறங்க ஒரு மூட்டு என்று திணித்திருப்பார்கள். தோளுக்குள் போகும் முளை தீக்குச்சி கனம்தான் இருக்கும். பெட்டியிலிருந்து புதிதாக எடுக்கும்போது பல மூட்டுகளில் வண்ணம் பசை மாதிரி இறுகியிருக்கும். அந்த நேரத்தில் கையைத் திருப்பினால் மூட்டு திரும்பாது, முளைதான் முறுகும். முறுகும் இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்து ஒரு வெண்கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்த கணமே கையை எடுத்துவிடுங்கள். இன்னும் ஒரு திருப்பு, “டக்” என்று ஒரு சத்தம், பத்தாயிரம் யென் போச்சு. அந்த முளையைத் தனியாக யாரும் விற்பதில்லை, ஒட்டினால் மூட்டு அசையாது.

புது ஃபிகரை எடுத்ததும் போஸ் கொடுக்கத் தோன்றும் அவசரத்தை அடக்குங்கள். ஹேர் டிரையரை மிதமான சூட்டில், சற்றுத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சநேரம் காட்டுங்கள். பிறகு முன்னும் பின்னும் நூலளவு அசைத்துப் பாருங்கள். வழிவிட்டால் மேலே போகலாம். டிரையருக்குப் பதில் வெந்நீரைப் பயன்படுத்துவதானால், லைட் எரியும் பாகத்தை அதில் போடவே கூடாது.

இனி காசு. டாலரில் போட்டிருக்கும் விலையை ரூபாயாக்கிப் பார்த்து “சமாளிச்சிடலாம்” என்று பட்டனை அமுக்குகிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து ஒரே தாவலில் 60 ஆனது. 2023 பட்ஜெட்டில் 70 ஆக்கினார்கள். இது பொருளின் விலைக்கு மட்டும் விழும் வரி இல்லை. அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு விழும். அந்த வரியையும் கூட்டி வரும் தொகையின் மேல் ஜிஎஸ்டி. 30,000 ரூபாய் மதிப்புள்ள பார்சலுக்கு 70 சதவீத வரி போட்டால் 51,000. ஜிஎஸ்டியும் கூரியர்காரரின் கையாளும் கட்டணமும் தனி. ஆர்டர் போடும் நாளில் நடப்பில் இருக்கும் விகிதத்தைப் பார்த்து, முழுத் தொகையையும் ஒரு தாளில் எழுதிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். அமெரிக்கக் கடையில் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்த ஃபிகர்களில் பெரும்பாலானவை சீனாவில் உருவாகின்றன. சீனப் பொருள்கள் மேல் அமெரிக்கா 2025-இல் போட்ட கூடுதல் வரிச் சுமை அங்கே விலையில் ஏறியிருந்தால், அதன் மேல்தான் நம் ஊர் வரியும் ஏறும்.

பார்சல் வந்து சேருமா என்பதே ஒரு கேள்வி. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நம் சேகரிப்பு பெரியவர்களுக்கானது என்று பெட்டியில் அச்சிட்டிருக்கலாம். ஆனால் கஸ்டம்ஸில் பார்சலைப் பிரிக்கும் அதிகாரியின் கண்ணுக்கு முதலில் தெரிவது சூப்பர் ஹீரோ பொம்மைதான். விளக்கம் கேட்டு நிறுத்திவைத்தால் கடிதப் போக்குவரத்து, அலைச்சல், கிடங்கு வாடகை. திரும்பிப் போனால் அனுப்பிய செலவு நம் தலையில். “கிஃப்ட் என்று போட்டுவிடுகிறேன், விலையைக் குறைத்து எழுதுகிறேன்” என்று விற்பவர் ஆசை காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொய்க் கணக்கு பிடிபட்டால் அபராதம் கட்டப்போவது பார்சல் யார் பேரில் வருகிறதோ அவர்தான்.

ப்ரீ-ஆர்டர் என்ற பொறியில்தான் குடும்பங்கள் அதிகம் அடிபடுகின்றன. படம் வெளியாகும் சூட்டில் அறிவிப்பு வரும். முன்பணம் கட்டச் சொல்வார்கள். பல கடைகளில் அதைத் திருப்பித் தர மாட்டார்கள். பொருள் வர ஒரு வருஷம், சிலசமயம் அதற்கும் மேல் ஆகும். ஒவ்வொரு முன்பணமும் சின்னத் தொகை என்பதால் ஐந்தாறு இடத்தில் கட்டிவிட்டு மறந்துபோகிறோம். தாமதமானவையும் நேரத்துக்கு வந்தவையும் ஒரே மாசத்தில் வந்து நின்று பாக்கியைக் கேட்கும்போது கிரெடிட் கார்டைத் தேய்க்கிறோம். கார்டு பாக்கியைத் தள்ளிப்போட்டால் பல வங்கிகளில் மாசத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. பொம்மை வாங்கிய கடனுக்கு நகை அடகுக் கடைக்குப் போன வீடு எனக்குத் தெரியும். அந்த வீட்டு அம்மா என்னிடம், “தம்பி, அவர் குடிக்கிறதில்ல, சீட்டாடுறதில்ல, நல்ல மனுஷன். ஆனா வாசல்ல கூரியர்காரர் வந்து பெல் அடிச்சாலே எனக்கு நெஞ்சு படபடக்குது” என்றார். முன்பணம் கட்டும் அன்றைக்கே மீதித் தொகையையும் தனிக் கணக்கில் ஒதுக்க முடியாவிட்டால் ஆர்டர் போடாதீர்கள்.

“செலவு இல்லை சார், முதலீடு” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். சூப்பர் ஹீரோக்களை வைத்து முதலீடு செய்த கதை ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது. 1991-இல் வந்த எக்ஸ்-மென் காமிக்ஸ் புதிய வரிசையின் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சானது. பின்னால் விலை ஏறும் என்று ஆளுக்கு நாலைந்து வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார்கள். எல்லோரிடமும் இருக்கும் பொருளை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? இன்றைக்கும் அதன் சாதாரணப் பிரதி சில டாலர்களுக்குத்தான் போகிறது. அந்த ஊக வியாபாரம் சரிந்தபோது கடைகள் மூடின. அதை வெளியிட்ட மார்வல் நிறுவனமே 1996 டிசம்பரில் திவால் நோட்டீஸ் கொடுத்தது. பிறகு 1998-இல் அதைக் கையில் எடுத்தது டாய் பிஸ் என்ற பொம்மை நிறுவனம். 2002-இல் மார்வல் லெஜன்ட்ஸ் ஃபிகர் வரிசையைத் தொடங்கியதும் அதே நிறுவனம்தான்.

ஃபிகர்களின் விலையைக் கவிழ்ப்பது அதைச் செய்த நிறுவனமேதான். ஹாட் டாய்ஸ் ‘டார்க் நைட்’ ஜோக்கரை டிஎக்ஸ்01 என்று விட்டது. பிறகு டிஎக்ஸ்11 வந்தது. அதற்கும் பிறகு, இன்னும் அச்சசலான முகத்தோடு டிஎக்ஸ்32. அயர்ன்மேனின் மார்க் 3 கவசம் 2008-இல் பிளாஸ்டிக்கில் வந்தது, பிறகு டை-காஸ்ட்டில் வந்தது, அதன் பிறகு 2.0 என்றும் வந்தது. புது முகம் வந்த வாரத்திலேயே பழைய முகத்தின் மவுசு இறங்கிவிடும். ஏறிய விலையைக் காட்டி ஆசை மூட்டுபவர்கள் அந்தப் பழைய ஃபிகரின் ரெக்ஸின் என்ன நிலையில் இருக்கிறது என்று காட்ட மாட்டார்கள். வைத்துப் பார்க்க ஆசையா, வாங்குங்கள். விற்றுப் பிள்ளையைப் படிக்கவைக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அந்தப் பணத்தை அஞ்சலகத்தில் போடுங்கள்.

விலை அதிகம் என்றதும் மனசு “ஃபர்ஸ்ட் காப்பி” பக்கம் போகும். பத்தில் ஒரு பங்கு விலையில், அதே பெட்டி, அதே படம். அசலின் மேல் அச்சு எடுத்து வார்த்த டூப்ளிகேட் இது. அச்சில் சுருங்குவதால் மூட்டும் குழியும் பொருந்தாது. ஒன்று தொளதொளக்கும், இல்லை முதல் நாளே முறியும். பாதத்தின் அடியில் நிறுவனத்தின் பேரும் உரிமை வருஷமும் பொறித்திருக்கிறதா, பெட்டியில் ஒளிரும் முத்திரை ஸ்டிக்கர் இருக்கிறதா, கண்மணிகள் இரண்டும் ஒரே திசையில் பார்க்கின்றனவா என்று பாருங்கள். காசு போவதை விடப் பெரிய கவலை அதன் பிளாஸ்டிக்கிலும் வண்ணத்திலும் என்ன கலந்திருக்கிறது என்பது. 2019-இல் இந்தியத் தரக் கவுன்சில் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் சுமார் 67 சதவீதம் தேறவில்லை. ஐஎஸ்ஐ கட்டாயம் வந்ததற்குப் பின்னணியே இந்தச் சோதனைதான். பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் ரசாயன வாடை வந்தால் அதைக் குழந்தை இருக்கும் அறையில் வைக்காதீர்கள்.

அசல் கடையில் வாங்கினாலும் பெட்டியின் உறையைப் பிரிப்பதிலிருந்து வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். பிளாஸ்டிக்கைக் குறைக்கிறோம் என்று ஹாஸ்ப்ரோ நிறுவனம் மார்வல் லெஜன்ட்ஸ் பெட்டிகளில் ஜன்னலை எடுத்துவிட்டபோது, உள்ளே இருந்த ஃபிகரை உருவிக்கொண்டு வேறு எதையோ திணித்துக் கடையில் திருப்பிக் கொடுத்த ஆசாமிகள் கிளம்பினார்கள். 2023-இல் ஜன்னல் திரும்ப வரும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

இதைவிட மோசமானது “குரூப் பை”. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒருவர் பத்துப் பேரிடம் பணம் சேர்த்து மொத்தமாக வரவழைப்பதாகச் சொல்வார். முதல் இரண்டு தடவை சொன்னபடி பொருள் வரும், கூட்டமும் நம்பும். பிறகு ஒரு பெரிய ஃபிகருக்கு ஐம்பது பேரிடம் பணம் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடுவார். கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று மாசக்கணக்கில் இழுப்பதும் உண்டு. முன்பின் அறியாதவருக்கு யுபிஐயில் முழுப் பணத்தை அனுப்பாதீர்கள். இரண்டாம் கை ஃபிகர் என்றால், அன்றைய தேதியும் உங்கள் பேரும் கையால் எழுதிய சீட்டை ஃபிகரின் பக்கத்தில் வைத்து, முழங்கை, கழுத்து, இடுப்பு மடிப்புகளைக் கிட்டத்தில் காட்டும் வீடியோ கேளுங்கள். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் கைமாறிப் போகும் முன் கணக்கை முடக்க முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு.

ஃபிகரில் கண்ணோ, நெஞ்சோ, உள்ளங்கையோ ஒளிர்கிறதென்றால் உள்ளே பட்டன் செல் இருக்கிறது. வருஷக்கணக்கில் விட்டால் செல் கசிந்து, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, தகட்டையும் கம்பியையும் அரித்துவிடும். வெளிச்சம் போனபிறகுதான் நமக்குத் தெரியவரும். காட்டி முடித்ததும் செல்லைக் கழற்றிவிடுங்கள். ஆனால் கழற்றிய செல்லை எங்கே வைக்கிறீர்கள்? மேசை ஓரத்திலா? தவழும் குழந்தை, நடை பழகும் குழந்தை வீட்டுக்கு வந்துபோகிறதா?

பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், எச்சில் பட்டு மின்சாரம் பாய்ந்து அந்த இடம் வெந்துபோகும். இரண்டே மணி நேரத்தில் ஆழமான புண் உண்டாகலாம். நாணய அளவுள்ள லித்தியம் செல் மிகக் கொடியது. தீர்ந்துபோன செல்லும் ஆபத்துதான். இப்படி இறந்த ஒரு குழந்தையின் பெயரிலேயே அமெரிக்காவில் 2022-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். விழுங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எச்சில் வடிதல், இருமல், சாப்பிட மறுத்தல் என்று சளி பிடித்த மாதிரிதான் ஆரம்பிக்கும். எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். ஃபிகர் அலமாரிக்குப் பூட்டுப் போடுங்கள். கழற்றிய செல்களை டேப் சுற்றி, மூடி இறுகிய டப்பாவில், கை எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒரு செல் கணக்கில் குறைகிறது, வீட்டில் குழந்தை இருக்கிறது என்றால் தேடிக்கொண்டே நேரத்தைக் கடத்தாதீர்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். செல்லின் எண் அச்சிட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.